சித்தர் கையால் ஒரு சிட்டிகை உப்பு

கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைக்கு உப்புச் சித்தர் வந்து சேர்ந்தது எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதக் கடைசியில். சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்திருந்த நேரம். நெல் பத்தாயத்துக்குள் எலி பட்டினி கிடக்கிற ஐப்பசியிலும் அவர் வந்திருக்கலாம். வரவில்லை. செய்வினை எப்போதும் நெல் இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது என்பது சித்தர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

மாசி பிறப்பதற்குள் காரைக்கால் முழுக்க அவர் பேச்சுதான். பொறையாறு பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு "சித்தரெல்லாம் எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார். பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து இறங்கினார்கள். கடற்கரை மணலில் மூங்கில் கட்டி வரிசை போட்டிருந்தது. தேங்காய்த் தட்டோடு ஒருத்தி, மெழுகுவர்த்தியோடு ஒருத்தி, ஊதுவத்தியும் சர்க்கரைப் பொட்டலமுமாகத் தலையில் முக்காட்டோடு ஒருத்தி. மூன்று மதத்தையும் ஒரே வரிசையில் சண்டையில்லாமல் நிறுத்த எந்தத் தலைவராலும் முடிந்ததில்லை. ஒரு சிட்டிகை உப்பு நிறுத்திவிட்டது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையிலும் ஒரு உப்புப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு, உப்பு கரைகிற மாதிரி பிணி கரையட்டும் என்று வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்தான். அதனால் குளத்து மீனைத் தவிர யாருக்கும் கெடுதல் இல்லை. சித்தர் அந்த வழக்கத்தை ஒரு படி மேலே கொண்டுபோனார். குடும்பத்தோடு வர வேண்டும். வீட்டு உப்பையே எடுத்து வர வேண்டும். ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் தீர்த்தம் தரப்படும். தலையைச் சுற்றி ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, வேப்பங்குச்சியால் கலக்க வேண்டும். யார் உப்பு கரைகிறதோ அவர்கள் சுத்தம். யார் உப்பு கரையவில்லையோ, அந்த வீட்டுக்குப் பிடித்த வினை அவர்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. தீர்த்தம் நாக்கில் படக் கூடாது. பட்டால் வாய் கோணிக்கொள்ளும். ஊரில் எல்லாத் தீர்த்தத்தையும் குடிக்கத்தான் கொடுப்பார்கள். குடிக்கவே கூடாத தீர்த்தம் இது ஒன்றுதான். அதனால்தான் இதற்கு மகிமை அதிகம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

விழிதியூரிலிருந்து வந்திருந்த வடிவாம்பாள் அந்த வரிசையில் மாமியாருக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அதற்குள் புகுந்த வீட்டில் பம்புசெட் மோட்டார் காயில் எரிந்தது, பசு போட்ட கன்று செத்துப் பிறந்தது, மாமனார் தெட்சிணாமூர்த்தி கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கிணற்றடியில் பாசி இருந்தது. ஆனால் பாசி பழைய பாசி, மருமகள் புது மருமகள். ஆகையால் மாமியார் கல்யாணசுந்தரிக்குச் சந்தேகம் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரிசையில் பக்கத்தில் நின்ற பச்சைச் சேலைக்காரி மிகவும் தங்கமானவள். "எந்த ஊரு? நெலம் எவ்வளவு? வீட்ல என்னா தொந்தரவு? யாரு மேலங்க சந்தேகம்?" என்று அக்கறையாக விசாரித்தாள். கல்யாணசுந்தரி தன் வாழ்க்கை வரலாற்றை மோட்டாரிலிருந்து மருமகள் வரைக்கும் சொல்லி முடித்தாள். கேட்டு முடித்ததும் பச்சைச் சேலைக்காரி, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி ஓலைக் கொட்டகைக்குப் பின்பக்கம் போனாள். தினமும் வரிசையில் நிற்கிறவள்தான். பாவம், அவளுக்கு மட்டும் முறை வரவே வராது.

கொட்டகைக்குள் சித்தர் புலித்தோல் மேல் உட்கார்ந்திருந்தார். புலித்தோலின் ஓரத்தில் தையல் பிரிந்து துணி தெரிந்தது. அவருக்குப் பின்னால் காவித் திரை. திரைக்குப் பின்னால் தீர்த்தக் குடங்கள். மொட்டைத் தலைச் சீடன் ஒருவன் டம்ளரில் தீர்த்தம் மொண்டு மொண்டு கொண்டு வந்தான்.

"தாயே, ஒன் வீட்ல மோட்டாரு எரிஞ்சிருக்கு" என்றார் சித்தர்.

"ஆமாஞ் சாமி!" கல்யாணசுந்தரிக்கு உடம்பு சிலிர்த்தது.

"பசு கன்னத் தின்னுருக்கு."

"தின்னல சாமி, செத்துப் பொறந்துச்சு."

"அதத்தான் சொன்னேன்."

எவ்வளவு துல்லியம் என்று கூட்டம் வாயைப் பிளந்தது.

கல்யாணசுந்தரி உப்புப் போட்டாள். கரைந்தது. அடுத்தது மகன் சோமசேகரன், வடிவாம்பாளின் கணவன். பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் வகுப்பில் தேறியவன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தா. அவன் உப்பும் கரைந்தது. பட்டதாரி கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். மூன்றாவது டம்ளரை எடுக்கச் சீடன் திரைக்குப் பின்னால் போனபோது, திரை ஒதுங்கிய இடைவெளியில் வடிவாம்பாள் ஒன்றைப் பார்த்தாள். முதலில் இடது பக்கக் குடத்தில் மொண்டவன் இப்போது வலது பக்கக் குடத்தில் குனிந்தான். பார்த்ததோடு சரி. அதற்கு மேல் அவள் அப்போது யோசிக்கவில்லை.

அவள் போட்ட உப்பு டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தது. வேப்பங்குச்சியால் கலக்கினாள். சுற்றியது. மறுபடி உட்கார்ந்தது. ஒரே ஜாடியிலிருந்து எடுத்த உப்பு.

"கரையாத வினை!" என்றார் சித்தர். "இவ கை பட்டது எதுவும் பெருகாது, தங்காது. வர்ற வெள்ளிக்கெழம வினை முறிப்பு. ஒரு மூட்ட நெல்லோட வா. அன்னைக்கும் கரையலேன்னா இந்தப் பொண்ணு ஒன் வாசப்படிய மிதிக்கக் கூடாது. மிதிச்சா, அடுத்தது ஒன் புருஷன் கையோட நிக்காது."

வெளியே வந்த வடிவாம்பாளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கொட்டகைக்கு எதிரே ஆப்பக்கடை போட்டிருந்த இருதயமேரிதான் கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கூட்டத்தை நம்பிப் போட்ட புதுக் கடை.

"அழுவாதம்மா. எனக்குந்தான் கரையல. அன்னையிலேந்து என் நாத்தனா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ."

"அப்புறம் ஏங்க்கா இங்கயே கட போட்டுருக்கீங்க?"

"கரையாதவளுக்கும் வயிறு இருக்குல்ல."

வீட்டுக்கு வந்ததும் கல்யாணசுந்தரி சட்டம் போட்டாள். வடிவாம்பாள் பத்தாயத்தைத் தொடக் கூடாது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. சாமி விளக்கை ஏற்றக் கூடாது. சமையல் மட்டும் அவளே செய்யலாம். வினை அடுப்படிக்குள் வராது போலிருக்கிறது.

அன்றைக்கு முழுதும் வடிவாம்பாள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமியாரை மனதுக்குள் வைதிருக்கிறாள், உண்மைதான். வையாத மருமகள் உண்டா? அதற்காகவா உப்பு கரையவில்லை? அம்மா வீட்டில் இன்னும் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றால் அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு எவன் வருவான்? அவள் நிஜமாகவே பயந்தாள்.

பயந்துகொண்டேதான் ரசம் வைத்தாள். பயந்துகொண்டேதான் உப்பும் போட்டாள். பந்தியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணசுந்தரி இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கி உறிஞ்சினாள். வடிவாம்பாள் கரண்டியோடு நின்றுவிட்டாள். கரையாத கையால் போட்ட உப்பு ரசத்தில் கரைந்திருக்கிறது. அதே கை, அதே உப்பு. அப்படியானால் அங்கே மாறியது எது? தண்ணீர்தானே?

அப்போதுதான் வலது பக்கக் குடம் ஞாபகத்துக்கு வந்தது.

பதினோராம் வகுப்பில் படித்தது ஒன்று அதைத் தொட்டுக்கொண்டு வந்தது. 'வேறுபடுத்துக: பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம்.' நடுவில் கோடு போட்டு எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள். உப்பு நீரில் கரைதல் பௌதிக மாற்றம், உப்பை மீண்டும் பெறலாம். விறகு எரிதல் இரசாயன மாற்றம், விறகை மீண்டும் பெற இயலாது. அந்த உப்பும் அடுக்களை ஜாடியில் இருக்கும் உப்பும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பரீட்சை உப்பு பரீட்சையோடு போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவனிடம் போனாள்.

"என்னாங்க, ஒரு டம்ளர் தண்ணியில எவ்வளவு உப்பு வேணாலும் கரையுமா?"

"எப்புடிக் கரையும்? ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல போட்டா அடியில தங்கும். தெவிட்டிய கரைசல்னு பேரு."

"கரைஞ்ச பெறகு பாத்தா தெரியுமா?"

"வடிகட்டிட்டா தெரியாது. பச்சத் தண்ணி மாதிரிதான் இருக்கும்."

"அப்ப அங்க எனக்குக் குடுத்தது..."

சோமசேகரன் பேப்பரை இறக்காமலே சொன்னான். "அது பாடம். இது தெய்வ காரியம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத." பக்கத்தைப் புரட்டினான்.

வடிவாம்பாள் அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். கரைந்தது. இன்னும் போட்டாள். கரைந்தது. ஒரு கைப்பிடி தாண்டியதும் உப்பு பிடிவாதமாக அடியில் தங்கிவிட்டது. மேல் தண்ணீரைத் துணியில் வடித்தாள். பார்க்கப் பச்சைத் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை போட்டாள். போய் அடியில் உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணசுந்தரி உள்ளே வந்தாள். மருமகள் தன்னந்தனியே டம்ளரில் உப்பைப் போட்டுக் கலக்கி, தானாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஐயையோ! நடு வீட்டுலயே வினை வைக்கிறாளே!"

"இல்லத்த, இங்க பாருங்க, தண்ணியிலதான்..."

"பேசாத! வெள்ளிக்கெழம பொட்டியக் கட்டிக்க. கரைஞ்சா இந்த வீடு. கரையலேன்னா அப்புடியே ஒங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏத்தி வுட்டுடுவேன்."

வெள்ளிக்கிழமை புறப்பட்டார்கள். கல்யாணசுந்தரி ஒரு மூட்டை கேட்ட இடத்தில் அரை மூட்டை நெல் கட்டியிருந்தாள். தெய்வத்திடமும் பேரம் பேசிப் பழகிய கை. வடிவாம்பாளின் தகரப்பெட்டியைத் தூக்கி வந்தது பி.எஸ்ஸி. வேதியியல்.

கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. மண்டபத்தூர்க்காரர் ஒருவருக்கு முறிப்பு நடந்துகொண்டிருந்தது. சித்தர் தாம்பாளத்தில் வெள்ளைப் பொடியைக் கொட்டி, மந்திரம் முணுமுணுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். புஸ்ஸென்று நுரை பொங்கியது. வினை நுரையாகக் கிளம்பி ஓடுகிறது என்றார். பெண்கள் குலவையிட்டார்கள்.

அடுத்து கல்யாணசுந்தரியின் முறை. அவள் உப்பு வழக்கம்போலக் கரைந்தது. சீடன் அரை மூட்டை நெல்லை ஒரு பார்வை பார்த்தான். சித்தரை ஒரு பார்வை பார்த்தான். சித்தர் கண்ணை மூடித் திறந்தார். திரை ஒதுங்கியது. வலது பக்கக் குடம். வடிவாம்பாள் பார்க்க நினைத்ததும் அதைத்தான்.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவள் சித்தரின் முன்னால் முட்டி போட்டாள். குரலில் அத்தனை பணிவு.

"சாமி, நான் பாவி. முதல்ல ஒங்க திருக்கையால ஒரு சிட்டிக போடுங்க. சாமி உப்பு கரைஞ்ச தண்ணியில போட்டா என் வினையும் சேந்து கரைஞ்சிடும்."

கூட்டம் உருகிவிட்டது. "பாத்தியா, எம்மாம் பக்தி!" "போடுங்க சாமி, பாவம் சின்னப் பொண்ணு!"

சித்தர் புன்னகை செய்தார். "நாம போடுறது வழக்கமில்ல மகளே."

"ஒங்க கை பட்டாவாச்சும் கரையட்டும் சாமி."

"போடுங்க சாமி! போடுங்க சாமி!" என்று கூட்டம் கோஷம் போட ஆரம்பித்தது. இத்தனை நாள் வளர்த்த பக்தி. இப்போது போதும் என்றால் நிற்குமா? போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போடுங்க சாமி, நாங்களும் பாத்துப் புண்ணியம் கட்டிக்கிறோம்" என்றார்.

"தீர்த்தம் பழசாயிடுச்சு, வேற கொண்டாடா" என்றார் சித்தர் சீடனிடம்.

வடிவாம்பாள் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதுவே போதுஞ் சாமி. எனக்குன்னு இப்பத்தான ஊத்துனாரு."

சித்தர் சுற்றிலும் பார்த்தார். வெளியே போக வழியில்லை. வாசல் வரைக்கும் பக்தி அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சிட்டிகை எடுத்தார். போட்டார். போய் அடியில் உட்கார்ந்தது. வேப்பங்குச்சியால் வடிவாம்பாளே கலக்கிக் கொடுத்தாள். சுற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. போலீஸ்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் சித்தர் என்றால் சும்மாவா? "பாத்தீங்களாடா!" என்று எழுந்து நின்று கத்தினார். "இவ வினை எம்மாம் பெருசுன்னா, என் கையவே கட்டிப் போட்டுடுச்சு! தள்ளி நில்லுங்க எல்லாரும்!"

ஜனங்கள் நம்பினார்கள். வடிவாம்பாளைச் சுற்றி வட்டமாக இடம் காலியானது. கல்யாணசுந்தரி மகனைப் பார்த்து, "எடுடா பொட்டிய. பஸ்ஸப் பாரு" என்றாள். சோமசேகரன் குனிந்து பெட்டியை எடுத்தான்.

வடிவாம்பாளுக்குக் கோபம் வந்தது. வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம். ஆள்காட்டி விரலை டம்ளரில் முக்கி நாக்கில் வைத்துக்கொண்டாள். "ஐயோ!" என்றது கூட்டம். அவள் வாய் கோணுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கோணவில்லை.

"வெறும் உப்புத் தண்ணி, அத்த. கருவாட்டுத் தொட்டித் தண்ணியாட்டம் கரிக்கிது. இதுல ஏற்கனவே தாங்குற மட்டும் உப்பு கரைச்சி வச்சிருக்கு. அதுக்கு மேல சாமி போட்டாலும் கரையாது, பூதம் போட்டாலும் கரையாது."

"இவளுக்கு வாய் எப்புடிக் கோணும்? இவதான் வினைக்காரியாச்சே" என்றாள் யாரோ ஒருத்தி. அந்தப் பதிலும் கூட்டத்துக்கு நியாயமாகவே பட்டது.

வடிவாம்பாள், மாமியார் உப்புப் போட்ட டம்ளரை ஒரு கையிலும் தன் டம்ளரை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஆப்பக்கடைக்கு நடந்தாள். வேடிக்கை எங்கே போகிறதோ அங்கே கூட்டமும் போகும். போயிற்று.

"இருதயமேரிக்கா, ரெண்டு ஆப்பச்சட்டிய அடுப்புல ஏத்துங்க."

"கடையக் கெடுத்துடாத தாயி. கூட்டம் போயிடுச்சுன்னா என் ஆப்பத்த யாரு திங்கிறது?" என்று சொல்லிக்கொண்டே இருதயமேரி சட்டிகளை ஏற்றினாள்.

ஒரு சட்டியில் மாமியார் தண்ணீர். ஒன்றில் மருமகள் தண்ணீர். இரண்டும் கொதித்தன. வற்ற வற்ற மருமகள் சட்டியில் படபடவென்று உப்பு வெடித்துத் தெறித்தது. முன்வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த விரலை நக்கினார்கள். தண்ணீர் முழுதும் வற்றியபோது மாமியார் சட்டியில் போட்ட சிட்டிகை லேசாக வெள்ளை பூத்திருந்தது. மருமகள் சட்டியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு கைப்பிடி உப்பு.

"அத்த போட்டதும் ஒரு சிட்டிக, சாமி போட்டதும் ஒரு சிட்டிக. மிச்ச உப்பு யார் போட்டது?" என்று கேட்டாள் வடிவாம்பாள். "உப்பு கரைஞ்சா காணாமப் போறதில்ல. தண்ணிக்குள்ள உப்பாவேதான் இருக்கு. காஞ்சா திரும்பி வந்துடும். கடலோரத்துல இருந்துக்கிட்டு, கருவாடு போட்டுக்கிட்டு, இது நமக்குத் தெரியாதா?"

இருதயமேரி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியைக் கையிலிருந்து கீழே வைக்காமலே கொட்டகைக்குள் ஓடிக் காவித் திரையைப் பிடித்து இழுத்தாள். திரை கையோடு வந்தது. இடது குடம், வலது குடம், வலது குடத்துக்குப் பக்கத்தில் வாய் பிரித்த உப்பு மூட்டை. குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அடப் பாவி! இந்தத் தண்ணிக்காவா என் நாத்தனா எங்கிட்டப் பேசாம இருந்தா? யாராச்சும் ஓடிப் போயி அவளக் கூட்டியாங்கடி!"

சித்தரிடம் இன்னும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. "உப்புப் பரீட்ச சீடன் செஞ்ச தப்பு. முறிப்பு பொய்யா? நுர பொய்யா?" என்று தாம்பாளத்தில் கொஞ்சம் பொடியைத் தூவி எலுமிச்சம்பழத்தை ஒட்டப் பிழிந்தார். புஸ்ஸென்று பொங்கியது. பின்வரிசையில் பல கைகள் மறுபடியும் தலைக்கு மேலே குவிந்தன. இவ்வளவு பார்த்த பிறகும்.

இருதயமேரி தாம்பாளத்து ஓரத்தில் சிதறிக் கிடந்த பொடியைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கடைக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அதிலிருந்து ஒரு கரண்டி கொட்டி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். புஸ்.

"ஆப்பச்சோடா. இதுல பொங்குறது செய்வினைன்னா, தெனம் என் மாவு பொங்குதே, அது என்னா பில்லி சூனியமா?"

வடிவாம்பாள் சித்தரின் தாம்பாளத்தில் இன்னொரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பொங்கவில்லை. மறுபடி பிழிந்தாள். ஒரு குமிழிகூட இல்லை.

"பாத்துக்குங்க. அந்த சோடா இப்ப சோடாவா இல்ல. பழச்சாத்தோட சேந்து வேற ஒண்ணா மாறிடுச்சு. நுரையில போன காத்து போனதுதான். இதக் காய்ச்சுனாலும் சோடா திரும்ப வராது. கரையிறது ஒண்ணு, மாறுறது ஒண்ணு. ரெண்டும் வேற வேற. ரெண்டுலயும் சாமி இல்ல, பேய் இல்ல."

அதற்குப் பிறகு நடந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. கூட்டத்துக்குச் சித்தர் மேல் வந்த கோபத்தைவிட நெல் மேல் வந்த ஞாபகம் பெரிது. எல்லோரும் மூட்டைகளைத் தேடி ஓடினார்கள். நெல் கொண்டு வராத ஒருவரும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்த உப்புப் பொட்டலத்தை யாரும் பார்க்காமல் மணலில் உதறிவிட்டு, பனங்காட்டுப் பக்கம் நழுவிக்கொண்டிருந்த சித்தரை வேட்டியோடு பிடித்தார். பச்சைச் சேலைக்காரியைக் காணவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு முறை வந்திருந்தது. ஆப்பச்சட்டியில் ஒட்டியிருந்த உப்பை ஒரு அம்மாள் பயபக்தியோடு சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

கல்யாணசுந்தரி வெகுநேரம் மணலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மருமகளிடம் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். "அப்ப மோட்டாரு எதுனாலடி எரிஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"கரண்டு கம்மியா வர்றப்ப ஓட்டுனா எரியும்த்த. அந்த மாசம் தெருவுல எல்லார் வீட்டு மோட்டாருந்தான எரிஞ்சிச்சு."

"ஆமா" என்றாள் கல்யாணசுந்தரி. "எல்லாருக்கும் எரிஞ்சிச்சு." சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, "கெணத்தடிப் பாசியக் கழுவணும். வா, வீட்டுக்குப் போவலாம்" என்றாள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது சோமசேகரன் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் வந்து சேர்ந்தான். இப்போது அவனுக்குப் பேச்சு தாராளமாக வந்தது. "அது தெவிட்டிய கரைசல்தான்னு மொத நாளே எனக்குத் தெரியும். அந்தப் பொடி சோடியம் பைகார்பனேட்டு. பொங்குறப்ப வர்றது கார்பன் டை ஆக்சைடு. எனக்கு அப்பவே பட்டுச்சு."

வடிவாம்பாள் நின்றாள்.

"அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம என்னா? அத்தன பேரு முன்னாடி, அம்மா முன்னாடி, எப்புடிச் சொல்றதுன்னுதான்..."

"அத்தைக்குத் தெரியாது, நம்புனாங்க. சித்தருக்குத் தெரியும், ஏமாத்துனாரு. ஒங்களுக்கும் தெரியும், என் பொட்டியத் தூக்கிட்டு வந்தீங்க. நீங்க யார் பக்கம்?"

சோமசேகரன் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான். பஸ் வந்தது. வடிவாம்பாள் ஏறி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் காரைக்கால் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.

சித்தர்கள் இன்னும் வருவார்கள். அடுத்த அறுவடைக்கு விபூதியோடோ, விளக்கெண்ணெயோடோ வருவார்கள். ஆனால் ஒரு ஊரை ஏமாற்ற ஒரு சித்தர் மட்டும் போதாது. விஷயம் தெரிந்தும் கைகட்டி நிற்கப் படித்தவர்கள் நாலு பேராவது வேண்டும். அந்த நாலு பேரில் நாமும் ஒருவரா என்பதை, ஐயா, அம்மா, அடுத்த தீர்த்தத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.